காலையில் ஓடும் பிள்ளை மாலையில் விழுவது ஏன்?

ஐந்து வயதுப் பிள்ளை காலையில் எழுந்ததும் வீடெங்கும் ஓடித் திரிகிறது. பாடசாலை முடிந்து திரும்புகையில் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறது. பாதம் உட்புறமாகத் திரும்புகிறது. குதிக்கால் நிலத்திற் படுவதில்லை. சப்பாத்தின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து போகிறது. பொழுதுபடும் வேளையில் சுவரைப் பிடியாமல் நிற்க முடியாத நிலை. இரவு உறங்கி எழுந்தால் மறுநாட் காலையில் மீண்டும் பழைய ஓட்டம்.

தந்தை "களைப்பு" என்கிறார். அயலவர்கள் "பள்ளிக்கூடம் போகக் கள்ளம்" என்கிறார்கள். ஊரிலிருந்து தொலைபேசியிற் பேசும் அம்மம்மா "கண்ணூறு பட்டிருக்கும், ஒரு நூலைக் கட்டுங்கோ" என்கிறார். மாதக் கணக்காகக் காத்திருந்தபின் நரம்பியல் வைத்தியநிபுணரைச் சந்திக்க ஒரு நாள் கிடைக்கிறது. நேரம் காலை ஒன்பது மணி. அவர் முன்னிலையில் பிள்ளை நன்றாகவே நடந்து காட்டுகிறது.

நாம் இங்கு விவரித்தது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையன்று. மருத்துவ ஏடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதியப்பட்டு வரும் ஓர் அரிய நோயின் வழக்கமான போக்கு இது. பத்து இலட்சம் பேரில் ஒருவரையோ அதனிலும் குறைவானோரையோதான் இந்நோய் பீடிப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவ்வளவு அரிதான நோயைப் பற்றி நாளிதழில் எழுதுவானேன் எனச் சிலர் கேட்கலாம். பிள்ளைகளின் நடையைக் குலைக்கும் நோய்களுள் மிக எளிதாகச் சீர்செய்யக்கூடியது இது என்பதும், பெயர் தவறிப் பல ஆண்டுகள் மறைந்து கிடப்பதும் இதுவே என்பதுந்தான் எமது விடை. அதைக் கண்டுபிடிக்க உதவும் முதற் சான்று ஆய்வுகூடத்திற் கிடைப்பதில்லை. வீட்டிலே தாயின் கண்ணுக்குத்தான் கிடைக்கிறது.

ரோக்கியோவில் இரு சிறுமியர்

1971ஆம் ஆண்டு யப்பானின் தலைநகர் ரோக்கியோவில், குழந்தை நரம்பியல் வைத்தியரான மசாயா செகாவா, ஒன்றுவிட்ட சகோதரிகளான இரு சிறுமியரைப் பற்றி எழுதினார். இருவருக்கும் உடல் முறுகியது, நடை தடுமாறியது. இருவரும் காலையில் நலமாகவும் மாலையில் மோசமாகவும் இருந்தனர். பார்க்கின்சன் நோயுற்ற முதியவர்களுக்கு அப்போது புதிதாக வழங்கப்பட்டு வந்த லெவோடொபா என்னும் மருந்தைக் கொடுத்தபோது இருவரின் நிலையும் வியக்கத்தக்க வகையில் தேறியது. 1976இல் செகாவாவும் அவருடைய குழுவினரும் ஆங்கிலத்தில் எழுதியதன் பின்னரே உலகின் ஏனைய நாட்டு வைத்தியர்கள் இதனை அறியலாயினர். இன்று இந்நோய் அவர் பெயராலேயே செகாவா நோய் எனப்படுகிறது.

தசைகள் தம் விருப்பின்றி இழுத்து முறுகி, கைகாலை ஒரு கோணலான நிலையில் நிறுத்திவிடும் கோளாறுகளை மருத்துவர்கள் டிஸ்ரோனியா என்பர். செகாவா நோய் அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டித் தொடங்கும். முதலில் ஒரு பாதம், பின்னர் மறு பாதம், சில ஆண்டுகளில் கைகள், முதுகு என ஏறிச் செல்லும். பெண்பிள்ளைகளையே அதிகம் தாக்கும். அறிவு வளர்ச்சியில் பொதுவாகக் குறைவு இராது. காலை மாலை வேறுபாடு இதன் சிறப்பு அடையாளம் எனினும், எல்லாப் பிள்ளைகளிடமும் அது தெளிவாகத் தெரிவதில்லை. வயது ஏற ஏற அவ்வேறுபாடு மங்கி, நாள் முழுவதும் ஒரே நிலை ஆகிவிடுவதும் உண்டு. ஆகவே அது துலக்கமாகத் தெரியும் சிறு வயதிலேயே கவனித்து வைப்பது முக்கியம்.

மருந்து வந்த வழி

செகாவா கொடுத்த மருந்தின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. சுவிற்சலாந்தின் பாசல் நகரில், ரோஷ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய மார்க்குஸ் குக்கன்ஹைம் என்னும் இரசாயனவியலாளர், ஐரோப்பியச் சந்தைகளில் விற்கப்படும் பெரிய அவரை வகையொன்றிலிருந்து 1913இல் லெவோடொபாவைப் பிரித்தெடுத்தார். அதில் இரண்டரைக் கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்தார். வாந்தி எடுத்ததுதான் கண்ட பயன். 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசுவாமி ஆகிய இருவர் நம் ஊர்ப் பற்றைகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலும் அதே பொருள் இருப்பதைக் கண்டனர். ஆயினும் அதனால் மனித உடலுக்கு என்ன பயன் என்பது மேலும் இருபது ஆண்டுகளுக்குத் தெரியாதிருந்தது.

1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தியிலிருந்து பெறப்படும் ரெசர்ப்பின் என்னும் மருந்தை முயல்களுக்கு ஏற்றினார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடொபாவை ஏற்றியதும் எழுந்து நடமாடின. உடலினுள் லெவோடொபா டொபமினாக மாறுகிறது. அந்த டொபமின்தான் மூளையில் அசைவை ஆளும் தூதுப் பொருள் என்ற உண்மைக்கு இப்பரிசோதனை வழிதிறந்தது. 2000ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் கார்ல்சனும் ஒருவர். பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டொபமின் வற்றியிருப்பதை 1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிக்கீவிச் காட்டினார். மறு ஆண்டில் அவரும் வால்டர் பிர்க்மாயரும் நோயாளருக்கு லெவோடொபாவை ஏற்றிப் பயன் கண்டனர். 1967இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் அதனை வாய்வழி மருந்தாக நிலைநிறுத்தினார். இந்தக் கொட்சியாஸ், ஜேர்மனியப் படைகள் கிரேக்கத்தைக் கைப்பற்றிய 1941ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டுத் தப்பி அமெரிக்கா சென்றவர் என்பதை எம் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

முதியோருக்கென வந்த மருந்து, செகாவாவின் கையில் சிறுமியரை எழுந்து நடக்கச் செய்தது. அதுமட்டுமன்று. பார்க்கின்சன் நோயில் சில ஆண்டுகளின் பின் இம்மருந்தின் பயன் ஏறி இறங்கத் தொடங்கும். வேண்டாத உதறல்களும் வந்து சேரும். செகாவா நோயில் சிறிய அளவு மருந்தே போதுமானது. அதன் பயனும் பல தசாப்தங்களுக்கு நீடிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

திரி இருக்கிறது, எண்ணெய் இல்லை

இதற்கான விடை 1994ஆம் ஆண்டில் இரு திசைகளிலிருந்து வந்தது. செகாவா நோயுடன் வாழ்ந்து இறந்த ஒருவரின் மூளையைக் கனடாவில் ஆராய்ந்த குழுவில், வியன்னாவிலிருந்து ரொறொன்ரோவுக்கும் சென்று பணியாற்றிய அதே ஹோர்னிக்கீவிச்சும் இடம்பெற்றிருந்தார். பார்க்கின்சன் நோயில் டொபமினைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் செத்து மடிகின்றன. இங்கோ கலங்கள் எண்ணிக்கை குறையாமல் இருந்தன; அவற்றில் டொபமின்தான் குறைந்திருந்தது. அகலும் திரியும் பழுதின்றி இருக்க, எண்ணெய் மட்டும் வற்றிய விளக்கைப் போன்றது அது. எண்ணெய் வார்த்தால் விளக்கு எரியும். ஆண்டுகள் பல கழிந்து வார்த்தாலும் எரியும்.

எண்ணெய் வற்றியது ஏன் என்பதை அதே ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்களான இச்சினோசே, நகாத்சு ஆகியோர் செகாவாவுடன் இணைந்து கண்டறிந்தனர். உடலில் டொபமின் உருவாக ஒரு நொதியம் வேண்டும். அந்நொதியம் தொழிற்பட ஒரு துணைப்பொருள் வேண்டும். அத்துணைப்பொருளைத் தயாரிக்கும் முதற் படியை ஆளும் பரம்பரையலகு, 14ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளது. அதிலுள்ள பிழையே இந்நோயின் மூலம். பகலில் நடமாட நடமாட நரம்பு முனைகளிலுள்ள டொபமின் குறைந்து, உறக்கத்தில் ஓரளவு மீள நிரம்புவதாலேயே காலையில் நலமும் மாலையில் தளர்வும் தோன்றுகின்றன என ஆய்வாளர் விளக்குவர். ஆகவே பிள்ளை காட்டியது கள்ளமும் அன்று, சோம்பலும் அன்று.

இப்பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்று பழுதுபட்டாலே நோய் வரக்கூடும். எனினும் பழுதைத் தாங்கிய எல்லோருக்கும் நோய் வெளிப்படுவதில்லை. தாயோ தந்தையோ எவ்விதக் குறையுமின்றி வாழ்ந்திருக்கலாம். பெரியப்பா ஒருவருக்கு முதுமையில் கைநடுக்கம் இருந்திருக்கலாம். மாமி ஒருவர் இளமையிலிருந்தே கால் ஊனமுற்றவர் என அறியப்பட்டிருக்கலாம். குடும்ப வரலாற்றை வைத்தியர் கேட்கும்போது "எங்கள் பகுதியில் அப்படி ஒருவரும் இல்லை" என மறைத்துவிடுவது நம்மவரிடையே உள்ள வழக்கம். மகளின் கலியாணம் பழுதாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆனால் அந்த மாமியின் காலே இந்தப் பிள்ளையின் நோயைத் திறக்கும் திறவுகோலாக இருக்கக்கூடும்.

பெயர் தவறினால்

செகாவா நோயுற்ற பிள்ளைகள் பலருக்கு முதலில் இடப்பட்ட பெயர் பெருமூளை வாதம் என்பதாகும். பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும் வேளையிலோ, சிசுப் பருவத்திலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட ஊறே பெருமூளை வாதத்துக்குக் காரணம். அது பரவலாகக் காணப்படும் நிலை. அப்பெயர் இடப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவே சரியான பெயருமாகும். இதை வாசிக்கும் பெற்றோர் தம் வைத்தியர் தவறிழைத்துவிட்டார் என முடிவு கட்டிவிடலாகாது.

ஆயினும் சில அடையாளங்கள் தென்படுமிடத்து அப்பெயரை மீண்டும் ஆராய வேண்டும் என நரம்பியலாளர்கள் கூறுகின்றனர். கர்ப்ப காலத்திலும் பிறப்பிலும் யாதொரு சிக்கலும் இருக்கவில்லை. மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் எப்பழுதும் தெரியவில்லை. நடக்கப் பழகிய பிள்ளை பின்னர் நடை தளர்கிறது. பெருமூளை வாதத்தில் மூளையின் ஊறு வளர்வதில்லை; இங்கோ நிலை ஆண்டுதோறும் மோசமாகிறது. நாளின் வேளைக்கேற்ப நிலை மாறுகிறது. குடும்பத்தில் வேறொருவருக்கும் இத்தகைய குறை உண்டு. இவற்றுள் எதுவும் நோயை உறுதிசெய்துவிடாது. ஆனால் கேள்வி எழுப்பப் போதுமானது.

கேள்வி எழாதவிடத்து இழப்பு பெரிது. தசைநாணை நீட்டும் சத்திரசிகிச்சைகள், காலுக்கு இரும்புச் சட்டங்கள், பின்னர் சக்கர நாற்காலி எனப் பிள்ளைப் பருவமே கழிந்துவிடும். வேறு சிலருக்கு "உடலில் ஒன்றுமில்லை, மனந்தான் காரணம்" என்ற தீர்ப்பும் கிடைத்திருக்கிறது. பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தபின் நடு வயதிலே சரியான பெயர் கண்டு, சிறு குளிசையால் எழுந்து நடந்தவர்கள் பற்றிய பதிவுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. மகிழ்ச்சி தரும் செய்திதான்; எனினும் கழிந்த ஆண்டுகளை அவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

பழைய பத்திரிகைத் துண்டு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இரட்டையராகப் பிறந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரண்டு வயதளவில் பெருமூளை வாதமுற்றவர்கள் எனக் கூறப்பட்டனர். பெண்பிள்ளையின் நிலை பகலில் ஏறி இறங்குவதைத் தாய் குறித்து வந்தார். ஒருநாள் 1991ஆம் ஆண்டு வெளியான ஒரு பத்திரிகைக் கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. நாளின் வேளைக்கேற்ப மாறும் இதே நோயைப் பற்றியது அக்கட்டுரை. அதனை வைத்துக்கொண்டு அவர் தக்க நிபுணரைத் தேடிச் சென்றார். லெவோடொபா கொடுக்கப்பட்டதும் பிள்ளைகள் தேறினர்.

கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளின் பின் மகளுக்குக் கடும் மூச்சுத் தொல்லை தோன்றியது. ஹூஸ்ரன் நகரின் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இரட்டையரின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும் வாசித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். பிழை செகாவா நோயின் பரம்பரையலகில் இருக்கவில்லை. அதே துணைப்பொருளைத் தயாரிக்கும் இறுதிப் படியில் இருந்தது. அதனால் டொபமின் மட்டுமன்றிச் செரொட்டோனின் என்னும் மற்றொரு தூதுப் பொருளும் குறைந்திருந்தது. அதற்கான மருந்தும் சேர்க்கப்பட்டதும் மகளின் மூச்சுத் தொல்லை தணிந்தது. ஒரு நோயின் பெயரைத் துல்லியமாக அறிவதால் என்ன பயன் எனக் கேட்போருக்கு இதனினும் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஏனைய அரிய நோய்கள்

பிள்ளைகளின் அசைவையும் சமநிலையையும் குலைக்கும் அரிய நோய்கள் மிகப் பல. அவற்றுட் சிலவற்றுக்கு மருந்து உண்டு. உயிர்ச்சத்து ஈயை உடலிற் பேணும் பரம்பரையலகு பழுதானால் நடை தள்ளாடும். அவ்வுயிர்ச்சத்தைப் பெருமளவில் கொடுத்தால் நோய் மேலும் முற்றாமல் தடுக்கலாம். வட ஆபிரிக்கக் குடும்பங்களில் அதிகம் காணப்படும் இந்நோயின் மூலம் 1995இல் கண்டறியப்பட்டது. குளுக்கோசு மூளைக்குள் புகும் வாயில் பழுதாகும் நோயை 1991இல் நியூயோர்க்கைச் சேர்ந்த டி விவோ முதலில் விவரித்தார். கொழுப்பு மிகுந்த சிறப்பு உணவுமுறை அதற்குச் சிகிச்சை. உடலிற் செம்பு தேங்கி, வளர்ந்த பிள்ளைகளின் கையையும் பேச்சையும் குலைக்கும் வில்சன் நோய்க்கு 1956ஆம் ஆண்டிலிருந்தே மருந்து உண்டு.

லெவோடொபாவை டொபமினாக மாற்றும் நொதியமே இல்லாமற் பிறக்கும் குழந்தைகளும் உளர். இந்நிலையை 1990இல் இலண்டன் ஆய்வாளர்கள் விவரித்தனர். இக்குழந்தைகளுக்குத் தலையை நிமிர்த்தவும் இயலாது. தாய்வானில் இத்தகைய நான்கு பிள்ளைகளின் மூளைக்குள் பழுதற்ற பரம்பரையலகைச் செலுத்திய முயற்சி 2012இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக உருவான சிகிச்சையை ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் அமெரிக்கா 2024இலும் அனுமதித்தன. படுக்கையிலேயே கிடந்த பிள்ளைகளிற் சிலர் உட்காரவும் நிற்கவும் தொடங்கினர்.

எல்லாக் கதவுகளும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1863இல் ஜேர்மனியின் பிரிட்ரைக் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் தள்ளாட்ட நோயின் பரம்பரையலகு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயின் போக்கைத் தாமதிக்கும் முதல் மருந்துக்கு 2023இலேதான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் பதினாறு வயது நிரம்பியோருக்கு மட்டுமே. கண்டுபிடிப்புக்கும் குளிசைக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது. அதனாலேயே, ஏற்கெனவே குளிசை உள்ள நோயொன்று கண்டுபிடிக்கப்படாமற் கிடப்பது பொறுக்கத்தகாதது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கவனித்து எழுதி வையுங்கள். ஒரு கொப்பியில் இரு வாரங்களுக்குக் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் பிள்ளையின் நடையைக் குறியுங்கள். பகல் உறக்கத்தின் பின் மாற்றம் உண்டா எனப் பாருங்கள். காலை நடையையும் மாலை நடையையும் கைத்தொலைபேசியிற் படம் பிடியுங்கள். வைத்தியரின் சந்திப்பு காலை ஒன்பது மணிக்கெனில் முதல் நாள் மாலையை அவர் முன் வைக்க வேறு வழியில்லை.

இரண்டாவது, உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பல வைத்தியசாலைகளில் முன்கூட்டியே அறிவித்தால் ஒழுங்கு செய்து தருவர். பத்து வயது மூத்த பிள்ளையை அழைத்துச் சென்று தம்பி, தங்கையின் நோயை மொழிபெயர்க்கச் செய்வது அப்பிள்ளைக்கும் சுமை. நோயின் நுட்பமும் அதில் தப்பிவிடும். "மாலையில் கூடுதலாக விழுகிறாள்" என்னும் ஒரு வசனம் "அடிக்கடி விழுகிறாள்" என மாறினால் வைத்தியருக்குக் கிடைக்க வேண்டிய தடயம் அழிந்தது.

மூன்றாவது, கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். "இது செகாவா நோயாக இருக்க முடியுமா? லெவோடொபாவைக் கொடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. சிறிய அளவில் தொடங்கிச் சில வாரங்கள் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே நோயை அறியும் ஒரு வழியாகக் கையாளப்படுகிறது. சில வேளைகளில் முதுகிலிருந்து ஊசிமூலம் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பர். அதனால் இடுப்புக்குக் கீழ் வழங்காது போய்விடும் என்று நம்மிடையே ஒரு பயம் உண்டு. பயிற்சி பெற்றோர் நாள்தோறும் செய்யும் பரிசோதனை அது. ஓரிரு நாள் தலையிடி வரலாம். மூளையின் தூதுப் பொருள்களை அளந்தறிய அந்த நீரே உதவுகிறது.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய பார்க்கின்சன் குளிசையைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்காலி விதையை அரைத்துப் புகட்டவும் வேண்டாம். அதில் மருந்து எவ்வளவு உண்டு என்பதை எவரும் கண்ணாற் கண்டு கூறிவிட முடியாது. அளவு மிஞ்சினால் வாந்தியும் உதறலும் ஏற்படும்.

சொந்தத்துக்குள் மணமுடித்தோர் குற்றவுணர்வில் வாடவும் வேண்டியதில்லை. நாம் மேலே கண்ட செகாவா நோய்க்கு உறவுத் திருமணம் காரணமன்று. இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் வேறு சில அரிய நோய்கள் நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதனை வைத்தியரிடம் ஒளிக்காமற் கூறினால் எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு விளங்கும்.

விசாவுக்கும் வேலைக்கும் அலைந்து, அந்நிய மொழியில் படிவங்களை நிரப்பி, நாளைய தங்குமிடம் எதுவென்று தெரியாமல் வாழும் குடும்பங்களிடம் கொப்பி எழுதச் சொல்வது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் ரோக்கியோவில் அந்தச் சிறுமியரின் நோய் வெளிப்பட்டதும், கலிபோர்னியாவில் அந்த இரட்டையர் தேறியதும், காலைக்கும் மாலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எவரோ ஒருவர் பொருட்படுத்தியதாலேயே. இந்நோய் எம் வாசகர்களுள் ஒரு வீட்டில்கூட இல்லாதிருக்கலாம், அவ்வாறே இருக்கட்டும். எனினும் கால் இழுத்து நடக்கும் பிள்ளையொன்றை அயல் வீட்டிலோ தமிழ்ப் பாடசாலையிலோ கண்டால், அப்பிள்ளையின் தாயிடம் இப்பக்கத்தைக் கொடுங்கள். மாலையில் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.